மச்சான் கத்தி

“இந்தப் பெட்டி எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க” என்றான் மணப்பெண்ணின் அண்ணன் சார்போங்.

கூடத்தில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஆன்ட்வி அந்தப் பெட்டியையே பார்த்தான்.

துணிமணி, மோதிரம், பைபிள் எல்லாவற்றையும் பெண் வீட்டார் பார்த்துத் தலையாட்டியாகிவிட்டது. மிச்சம் மச்சான் கத்தி ஒன்றுதான். பேருக்குத்தான் கத்தி. தங்கையை இத்தனை காலம் காத்துக்கொடுத்ததற்காக மாப்பிள்ளை அவள் அண்ணனுக்குச் செய்யும் சீர் அது. மற்ற வீட்டு அண்ணன்கள் பணமாகக் கேட்பார்கள், பேரம் பேசி முடித்துவிடலாம். இந்த அண்ணன் வீடியோ கேம் பெட்டி கேட்டிருந்தான். அவன் வாங்கிக்கொள்ளாதவரை உள்ளறையில் காத்திருக்கும் மணப்பெண் சேர்வாவை வெளியே அழைத்து வரமாட்டார்கள். கானா நாட்டுக் குமாசி நகரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே சட்டம்தான்.

“ஏம்பா, சீட்டுல நீ என்ன எழுதிக் குடுத்தே?” மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்த போமா அத்தை இடுப்பில் கை வைத்தாள். “கேமும் ஆடணும், வீட்டுல படமும் பார்க்கணும்னுதானே? எங்க பையன் ஒரு வாரம் கடை கடையா ஏறி இறங்கி, டிஸ்க் போட்டுப் படம் பார்க்கிற பெரிய பிளேஸ்டேஷனா வாங்கிட்டு வந்திருக்கான். இதுக்கு மேல கடையிலேயே கிடையாது, தெரியுமா?”

“பெரிசா இருந்தா எனக்கென்னம்மா? எனக்கு எக்ஸ்பாக்ஸ்தான் வேணும். வெள்ளையா, சின்னதா ஒண்ணு இருக்கே, அது.”

“அதுல டிஸ்க் போட வழியே இல்லியே!” என்று ஆன்ட்வி வாயை விட்டான். சபையில் மாப்பிள்ளை பேசக் கூடாது என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சார்போங் மெதுவாகத் திரும்பினான். சுவாமே பட்டறையில் லாரி எஞ்சினோடு மல்லுக்கட்டும் கைகள் அவனுக்கு. “தக்கோராடி இன்ஜினியர் பாடம் எடுக்கிறாரு. எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க” என்றான். பெண் வீட்டுப் பக்கம் கொல்லென்று சிரித்தது.

“அதோட விலை இதுல பாதிகூட வராது. மட்டமானதை எவனாவது கேட்டு வாங்குவானா?” அத்தை ஆன்ட்வியின் காதில் சீறினாள். “கல்யாணத்தை நிறுத்த வழி தேடறான்டா இவன்.”

ஆன்ட்விக்கும் அந்தப் பயம்தான். இரண்டு வருடமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறான். ஒருநாளும் சார்போங் அவனை உட்காரச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சேர்வா தொலைவில் இருக்கும் அவன் ஊரான தக்கோராடியில்தான் இருப்பாள் என்று தெரிந்த நாளிலிருந்து பதில் வணக்கமும் நின்றுபோனது.

அத்தை துணியை உதறித் தோளில் போட்டாள். “எழுந்திருங்க எல்லாரும். பொண்ணு கேட்டு வந்தோம், அவமானப்பட வரல.”

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆன்ட்வி அத்தையின் கையை இறுகப் பிடித்தான்.

“இருங்க அத்தை. ஒரு மணி நேரம் குடுங்க. நான் போய் மாத்திட்டு வந்துடறேன்.”

“மானம் போகுதுடா!”

“போகட்டும். அவ இல்லாம நான் ஊர் திரும்ப மாட்டேன்.” ஆன்ட்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

அடும் கடைத்தெருவில் சனிக்கிழமை நெரிசல். உடம்பில் சுற்றியிருந்த கென்டே துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மாப்பிள்ளையைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

“பெரிசைக் குடுத்துட்டுச் சின்னதைக் கேட்கிறீங்களே தம்பி, யாராவது ஏமாத்திட்டாங்களா?”

“மச்சான்” என்றான் ஆன்ட்வி.

“அப்ப சரி” என்று கடைக்காரர் மறுபேச்சில்லாமல் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

அவன் திரும்பி வந்தபோது ஜொல்லோஃப் சோறு ஆறிப்போயிருந்தது. பாட்டு நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பெண் வீட்டுப் பெரியவர் நொடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்போங் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மேலே அச்சடித்திருந்ததை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தையும் படித்தான். அது முடிகிற பாடாக இல்லை. மறுபடியும் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று ஆன்ட்விக்குத் தெரியவில்லை.

“நீ கொஞ்சம் இப்படி வா” என்று சார்போங் எழுந்து வாசல் பக்கம் நடந்தான். ஆன்ட்வி பின்னால் போனான்.

“ஏய்! என் பையன் மேல கை வச்சே, நடக்கிறதே வேற!” அத்தையின் குரல் உள்ளேயிருந்து துரத்தியது.

வாசலில் யாரும் இல்லை. சார்போங் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

“உங்க வீட்டுல இருக்கிறதும் இதே பெட்டிதானே?”

“ஆ... ஆமா. யார் சொன்னது?”

“சேர்வாதான். நேத்து ராத்திரி சாப்பிடறப்ப சொன்னா. நாங்க ஆடற பந்தாட்டம் வேற வேற பெட்டியில சேராது. ஒரே ரகம்னா நான் இங்கேயும் அவ அங்கேயும் இருந்துக்கிட்டே நெட்டுல சேர்ந்து ஆடலாம்.” சார்போங் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். “பதினாலு வருஷமா சாயங்காலமானா அவகூடத்தான் ஆடறேன். அவ இல்லாத கூடத்துல எப்படி உட்கார்றதுன்னே தெரியல. தினம் ஒரு அரை மணி நேரம்... அவளை விடுவீங்களா மச்சான்?”