புதுத் தூரிகை

தூரிகையை மாற்றிய பிறகும் செண்பகாவின் ஈர ஓவியத்தில் குட்டி முடிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஏனென்று அவளுக்குப் புரியவில்லை.

“ஏங்க, இதையும் கடையில திருப்பிக் குடுங்க.”

“கடைக்காரர் என்னைப் பார்த்தாலே ஷட்டரை இழுக்கிறாரு” என்ற கணவன் தணிகை, ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். தூரிகை முடியின் அடியை வெட்டிப் பசையில் பதித்திருப்பார்கள். அதற்கு வேர் இருக்காது. இதில் வெள்ளையாக ஒரு வேர் இருந்தது.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தவன் அலறினான். “அடியே, உன் இடது புருவம் எங்க?”

தடவிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது.

“டாக்டர்கிட்ட போலாம், கிளம்பு.”

“இந்த மூஞ்சியோடயா?”

தூரிகையை நனைத்து, வண்ணம் வழியாதபடி துணியில் ஒற்றி, நுனியைக் கூராக்கிப் பழுப்பில் தொட்டாள். கண்ணாடி முன் நின்று, புருவத்தை ஒவ்வொரு முடியாக வரைந்தாள்.