வயதுக்கு வராத சிலந்தி

நோர்வேயின் வடகோடியில் மீன் ஆலையில் வேலைபார்க்கும் நகுலேஸ்வரி, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டிருந்தாள். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாளே! ஆனால் அந்த நிலத்தில் வாழும் உயிர்களெல்லாம் இன்னின்ன இனமென்று பதிவாகாமல் மண்வெட்டி படக்கூடாது என்பது சட்டம். பாசியும் எறும்பும் பதிவாகிவிட்டன. ஓநாய்ச் சிலந்தி ஒன்றுதான் இழுத்தடித்தது.

பதிவு அதிகாரி சிந்துஜா அதைக் குப்பியில் பிடித்து, உருப்பெருக்கியால் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, திரும்பப் புல்லில் விட்டாள்.

"இது இன்னும் குஞ்சு, அன்ரி. வளர்ந்தாத்தான் என்ன இனமெண்டு சொல்லலாம்."

"அப்ப எப்ப சாமத்தியப்படுமாம்?"

"இந்தக் குளிருக்கு ரெண்டு வருசம் செல்லும்."

நகுலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சிலந்தி செத்தால் விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஈ பிடித்துப் போட்டாள்; குருவி வந்தால் கை தட்டித் துரத்தினாள். மகள் வந்து பிள்ளையும் பெற்றாள். மருமகனும் வந்து தங்கிவிட்டான். அவர்களுக்குப் படுக்கையறையை விட்டுக்கொடுத்து, நகுலேஸ்வரி சோபாவிலும் கணவர் தயாபரன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துத் தரையிலும் படுத்தார்கள்.

மூன்றாம் கோடையில் சிந்துஜா குனிந்து பார்த்து, "வளர்ந்திட்டுது அன்ரி, இனம் தெரிஞ்சிட்டுது!" என்று கத்தினாள். தயாபரன் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"ஒரு நிமிசம்," என்றாள் சிந்துஜா. "முதுகில எண்பது குஞ்சு இருக்குது."

"தாயின்ர இனந்தானே பிள்ளையளும்?" என்றாள் நகுலேஸ்வரி.

"தகப்பன் ஆரெண்டும் எழுதோணுமே, அன்ரி."

தயாபரன் தலையணையை ஒருமுறை தட்டிச் சரிசெய்துகொண்டு, திரும்பவும் குசினிக்குள் போனார்.