ஒற்றை எழுத்து

"ஆர் இந்தப் பேரை அழிச்சது?"

பார்த்தீபன் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். ஒரு வருடமாக எதைக் கேட்டாலும் "ஓம்" என்பதற்கு மேல் பேசாதவன். மன்னார் நகரத்து அந்தச் சிறிய மென்பொருள் கந்தோரில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான்தான்" என்றாள் டிலக்சனா. அவளுடைய போன் மேசையில் குப்புறக் கிடந்தது.

"என்னைக் கேட்டனியோ?"

"ஏன் கேக்க வேணும் சேர்? விதி எல்லாருக்கும் ஒண்டுதானே."

விதி உண்மைதான். எந்த வகைத் தரவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத இடத்துக்கு அந்தக் கணினி மொழியில் ஒரு பெயர் வைப்பார்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்க வேண்டும். a, b என்று ஒற்றை எழுத்தே வழக்கம். பார்த்தீபன் மட்டும் அந்த இடங்களில் எல்லாம் abisa என்று எழுதிவந்தான். அபிசா அவனுடைய மனைவி. போன மாரியில் டெங்கு கொண்டுபோனது. கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அந்தப் பெயரைத் தொட்டதில்லை.

"சின்ன எழுத்திலதானே தொடங்குது? கொம்பியூட்டரே ஏத்துக்கொண்டிட்டுது. உனக்கென்ன குத்துது?"

"கொம்பியூட்டருக்கு எல்லாம் ஒண்டுதான். வாசிக்கிற ஆக்களுக்கு? a எண்டு போட்டால் அதில என்னவும் வரலாம் எண்டு விளங்கும். இலக்கமும் வரலாம், எழுத்தும் வரலாம். ஒரு ஆளின்ர பேரைப் போட்டால் வேற ஒண்டும் வரேலாது எண்டெல்லோ நினைப்பினம்."

"நினைக்கட்டும்!"

"அது வெறும் இடம் சேர். எதையாவது போட்டு நிரப்பத்தான் இருக்கு."

பார்த்தீபனின் கை மேசையில் அறைந்தது. தேநீர்க் கோப்பை உருண்டு விழுந்து உடைந்தது.

"வெறும் இடமோ? அது அபிசாவின்ர இடம்! அதில வேற ஆரையும் வைக்கேலாது. இண்டைக்குமில்லை, எண்டைக்குமில்லை. ஆர் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்!"

கீரிக் கடற்கரைப் பக்கத்துக் காற்று யன்னல் கண்ணாடியில் மணலை எறிந்தது.

டிலக்சனா விசைப்பலகையில் எதையோ தட்டினாள். அழித்த பெயர்கள் எல்லாம் திரையில் திரும்பி வந்தன. பிறகு போனை எடுத்துத் திருப்பினாள். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களோ அம்மா? அத்தான் ஓம் எண்டிட்டார் எண்டு நாள் பார்த்தனீங்கள். இனியெண்டாலும் அக்காவின்ர இடத்தில என்னைக் கட்டி வைக்கிற கதையை விடுங்கோ."