நேரில் கண்ட விவரம்

நாற்பத்தொன்றாவது கோப்பில் மணிமொழியின் பென்சில் நின்றது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. காப்பகத்திலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகள் அதன் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. மாலைக் கல்லூரியில் முதுகலை, கடைசி வருடம். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் இந்த அனுமதிக் கடிதத்துக்காக ஏழு மாதம் நடையாக நடந்திருந்தாள்.

கடிதத்தில் நிபந்தனைகள் இருந்தன. பெயரையோ முகவரியையோ குறித்துக்கொள்ளக் கூடாது. கைப்பேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். எந்தக் குடும்பத்தையும் போய்ச் சந்திக்கக் கூடாது. சந்தேகம் எதுவானாலும் அலுவலரிடம் மட்டுமே கேட்க வேண்டும்.

கோப்பில் இருந்தது ஒன்பது வயதுப் பெண். கையிலும் தொடையிலும் சூட்டுக் காயங்களோடு சித்தப்பா வீட்டிலிருந்து மீட்கப்பட்டவள். எட்டு மாதத்துக்கு முன்பு ஊரூர் குப்பத்தில் இருக்கும் அதே வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கைகள் மூன்று. 'நேரில் கண்ட விவரம்' என்ற கட்டத்துக்குள் மூன்றிலும் ஒரே வரி.

'குழந்தை கலகலவென்று பேசினாள். நலம்.'

மணிமொழி முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். மருத்துவரின் சான்று. பிறவியிலிருந்தே காது கேளாது, வாய் பேச வராது.

தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று முதலில் தோன்றியது. எப்போதும் அவளுக்கு அப்படித்தான் தோன்றும். வேறு கோப்பின் தாள் கலந்துவிட்டதோ என்று ஒவ்வொரு மூலையிலும் இருந்த எண்ணை விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

கலக்கவில்லை.

அப்படியானால் அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவே இல்லை. எட்டு மாதமாக உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எது நடந்தாலும் அந்தக் குழந்தையால் கத்திக் கூப்பிடவும் முடியாது.

"இன்னாம்மா, ஒரே ஃபைல இம்மா நேரமா பாத்துக்கினு கீற? பரிட்சையா எழுதப்போற?" என்றார் பொன்னுரங்கம். அவள் எதையும் படம் எடுக்காமல் பார்த்துக்கொள்ள எதிரே உட்காரவைக்கப்பட்ட அலுவலக உதவியாளர்.

எட்டிக் கோப்பின் எண்ணைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நம்பர எண்ணிட்டு போய்க்கினே இரும்மா."

அவளுடைய அட்டவணையில் 'நலம்' என்ற தலைப்பின் கீழ் நாற்பது குறிகள் வரிசையாக நின்றன. இன்னும் ஒன்று போட்டால் இன்றைய வேலை முடிந்தது. வாயைத் திறந்தால் அனுமதி போகலாம். அனுமதி போனால் ஆய்வும் போகும்.

பென்சிலை வைத்துவிட்டுக் கோப்போடு அலுவலர் ஜலஜாவின் அறைக்குப் போனாள்.

இந்த அலுவலகத்தில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியவர் ஜலஜா ஒருவர்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு மூன்று அறிக்கைகளையும் படித்தார். உச்சுக் கொட்டினார்.

"அடடா. என்ன கண்ணும்மா உனக்கு! ஆடிட்ல வந்தவங்களுக்குக்கூட இது படலியே."

மணிமொழிக்கு மூச்சு இலகுவாயிற்று. இன்றைக்கே ஆள் அனுப்புவார். அடையாறிலிருந்து குப்பத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

ஜலஜா பேனாவைத் திறந்தார்.

முதல் அறிக்கையில் 'குழந்தை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூரைக் குறி போட்டு, அதன் மேல் 'சைகையில்' என்று எழுதினார்.

இரண்டாவதிலும் எழுதினார். மூன்றாவதிலும்.

குழந்தை சைகையில் கலகலவென்று பேசினாள்.

"இப்ப சரியா இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு, ஏதோ நினைவு வந்தவர்போல மேசை இழுப்பறையைத் திறந்து நான்காவதாக ஒரு தாளை எடுத்தார். இன்னும் கோப்பில் சேர்க்காத தாள். அதிலும் கையெழுத்து இருந்தது. அதிலும் குழந்தை நலமாக இருந்தாள்.

அங்கேயும் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து, மை உலர மெல்ல ஊதினார்.

தேதி, வரும் மாதம் பதினான்கு.