தூக்கலாம் என்று சொன்ன எடை

"அந்தப் பையைத் தொடாதே! குழந்தையோட எடைக்கு மேல எதையும் தூக்கக்கூடாதுன்னு ஆபரேஷன் அன்னிக்கே டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல?" கணவன் பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டான்.

இன்றோடு ஐந்தாம் நாள். இருமல் வந்தால்கூடத் தலையணையைத் தையலோடு அழுத்திக்கொண்டுதான் இரும வேண்டியிருந்தது. பால் கட்டி மார்பு கல்லாய்க் கனத்தது.

பிளாஸ்க்கை எடுத்தாள். அதையும் பிடுங்கினான்.

"இது கூடவா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவன் அவசரமாகக் கை நீட்டினான்.

"விடுங்க. டாக்டர் சொன்ன எடைதானே? நானே தூக்கிக்கிறேன்."

"வேண்டாம்மா. தையல் பிரிஞ்சிடும். உன்னால முடியாது."

"முடியும். இடுகாடு வரைக்கும்தானேங்க."