வில்லாளியின் அப்பா

மாலை வெயில் மேஜைமேல் சாய்ந்து கிடக்கிறது. அதில் பல முகப் பகடைகள் மிட்டாய் மாதிரி மின்னுகின்றன. நறுக்கிய ஆப்பிள் தட்டோடு, பூட்டு திறந்து சாவி செய்து கொடுக்கும் சாவிக்காரர் அறை வாசலில் நிற்கிறார். இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, மனைவியின் மகள் இருக்கும் அறைக்குள் அவர் செருமாமல் நுழைந்ததில்லை. அவளும் அவரை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுகிறாள். உள்ளே அவளும் இரண்டு தோழிகளும், பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் சாகச விளையாட்டுக்கு ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். “என் மந்திரவாதியோட அப்பா அம்மாவ டிராகன் தின்னுடுச்சு,” என்கிறாள் ஒருத்தி, பென்சிலைக் கடித்தபடி. “என் திருடிக்கும் யாருமில்ல. அப்பத்தான் நிம்மதியா ஊர் சுத்தலாம்,” என்று அடுத்தவள் சிரிக்கிறாள். “உன் வில்லாளிக்கு?” மகள் ஒரு பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருக்கிறாள். “அப்பா இருக்கார். அவரச் சாகடிக்க மாட்டேன்.” “கதைக்கு இடைஞ்சல்டி! சரி, எப்படிப்பட்டவர்?” “கோட்டையில எந்தப் பூட்டையும் திறந்துடுவார். ஆனா என் கதவு திறந்தே கிடந்தாலும் செருமிட்டுத்தான் உள்ள வருவார்.” தட்டில் ஆப்பிள் துண்டுகள் பழுப்பேறுகின்றன. சாவிக்காரர் செருமத்தான் பார்க்கிறார். இன்றைக்கென்று பார்த்துச் செருமல் வரமாட்டேன் என்கிறது.