குப்பையில் போடச் சொன்ன செடி

மனுக்கட்டைத் தாசில்தார் அப்துல் மஜீது பிரிக்கக்கூட இல்லை. மிராசுதார் இராஜாங்கம் வீட்டு வாசல் தாழ்வாரத்தில் ஏறியவர், நேரே பூந்தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன செவப்பு, என்ன செவப்பு! புரோமிலியாட்தானேங்க இது? நம்ம அன்னாசி குடும்பம்?"

இராஜாங்கத்தின் முகம் மலர்ந்தது. "அட, சார் செடிப் பிரியரா! இது தெரியாமப் போச்சே. யாருடா அங்க, காப்பி கொண்டா!"

எதிரே களத்தின் ஓரத்தில் வீரையனும் அவன் மனைவி பூவம்மாளும் வெயிலில் நின்றார்கள். எழுபத்தொன்று ஜூனில் பண்ணையாள் எங்கே குடியிருந்தானோ, அந்த மனை அவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீரையன் மனுப் போட்டான். 'போன தை அறுவடைக்குப் பிறகு என் இடத்தில் திருட்டுத்தனமாகப் போட்ட குடிசை அது' என்று இராஜாங்கம் பதில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எழுபத்தொன்று ஜூனிலேயே அங்கே குடியிருந்ததை இன்றைய விசாரணையில் வீரையன் மெய்ப்பிக்காவிட்டால், பொழுது சாய்வதற்குள் குடிசையைப் பிரித்துவிடுவார்கள். அதற்கென்றே நாலு பேர் கடப்பாரையோடு மாட்டுக்கொட்டகையில் காத்திருந்தார்கள். சாட்சி சொல்வதாக இருந்த தெருக்காரர்கள், நடவு வேலை கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து, ஒருவர்கூட வரவில்லை.

"என்னய்யா இந்த ஆளு? விசாரிக்க வந்தாரா, பூ பறிக்க வந்தாரா?" பூவம்மாள் பல்லைக் கடித்தாள். "காலையில நம்மூட்டுக்கு வந்தப்பவும் இப்படித்தான். கூரையப் பாக்கல, செவுரப் பாக்கல. செடிகிட்டயே குந்திக்கிட்டாரு."

"சும்மா இரு புள்ள. காதுல விழுந்து தொலைக்கப் போவுது."

தாழ்வாரத்தில் காப்பி வந்தது. மஜீது மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பூவம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது ஹைப்ரிட் சார்," என்றார் இராஜாங்கம். "ரெண்டு ஜாதியக் கலந்து உண்டாக்குனது. எலையப் பாருங்க, எண்ணெய் தடவுன மாதிரி! பூத்தா மூணு மாசம் கலர் கொறையாது. தாய்ச்செடி காஞ்சாலும் வாழை மாதிரி பக்கத்துல கன்னு விட்டுக்கிட்டே இருக்கும்."

பெஞ்சில் இருந்த குமாஸ்தா சாமிதுரை மெல்லக் கனைத்தார். "சார், இவங்க வாக்குமூலம்..."

"நீங்க பாட்டுக்கு எழுதுங்க சாமிதுரை. நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்." மஜீது மறுபடி இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்க. அழகுன்னு பாத்தா எனக்குக் காட்டு ஜாதிதாங்க."

"காட்டு ஜாதியா? அதுல என்ன சார் இருக்கு!"

"ஹைப்ரிட்டு 'என்னைப் பாரு, என்னைப் பாரு'ன்னு நிக்குது. காட்டுப் பூவ நாமதான் குனிஞ்சு பாக்கணும். ரோஸ் காம்பு அப்படியே வளைஞ்சு தொங்கும். எதழு பச்சை. ஓரத்துல மட்டும் பென்சில்ல இழுத்தாப்ல ஒரு நீலக்கோடு. ஒருத்தரும் கலக்காம தானா வந்த நெறம், பாருங்க!"

"நாலு நாள்ல தொங்கிப்போற பூவு!" இராஜாங்கத்தின் குரல் ஏறியது. "வயல்ல ஐ.ஆர். எட்டு நெல்லு, வாசல்ல ஹைப்ரிட்டு. நாங்கள்லாம் எப்பவோ மாறியாச்சு சார்."

"நீங்க காட்டுச் செடி வளத்திருக்க மாட்டீங்க. அதான் அருமை தெரியல."

இராஜாங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. "நானா வளக்கல? எங்க சித்தப்பா சிலோன்லேருந்து கொண்டாந்தது, இதே தொட்டியில எட்டு வருஷம் இருந்துச்சு!"

"அப்படியா! அப்புறம் என்ன ஆச்சு?"

"பெரியவ கல்யாணத்துக்குப் பந்தல்ல வைக்கன்னு பெங்களூர்லேருந்து இது வந்துச்சு. அறுபத்தாறு வைகாசி. அன்னிக்கே அதைப் புடுங்கிக் குப்பையில போடச் சொல்லிட்டேன்."

"அடடா! அழிஞ்சே போச்சுங்களா?" மஜீதின் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"எங்க அழிஞ்சுது? போடச் சொன்னது இந்த மடையன்கிட்டல்ல!" இராஜாங்கம் களத்தைப் பார்த்து விரலை நீட்டினார். வீரையன் தலையைக் குனிந்துகொண்டான். "குப்பையில போடாம, கொண்டுபோயித் தன் வாசல்ல நட்டு வெச்சிட்டான் சார். மறுநாளே பாத்தேன். கல்யாண வீடாச்சேன்னு விட்டேன்."

"இப்பவும் அங்கதான் இருக்குங்களா?"

"அன்னையிலேருந்து அங்கயேதான் நிக்குது. கன்னு கன்னா வெடிச்சு, வருஷா வருஷம் பூத்துத் தொங்குது. வயலுக்குப் போறப்பல்லாம் அதைத் தாண்டித்தான் போறேன். ஒரு நாளாச்சும் நின்னு பாத்திருப்பேனா? அவ்வளவுதான் சார் உங்க காட்டு ஜாதியோட அழகு!"

இராஜாங்கம் வென்றுவிட்ட மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாமிதுரை தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

மஜீது எழுந்து களத்துப் பக்கம் பார்த்தார்.

"அப்ப அறுபத்தாறுலயே வீரையனுக்கு ஒரு வாசல் இருந்திருக்குங்களே!"